ஒற்றியில் இருக்கும் ஊர்

2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சி அமைப்புகள் அதில் கரைந்தன. வடக்கு விளிம்பில் கடலோரமாகக் கிடந்த திருவொற்றியூர், அதற்கும் வடக்கே கத்திவாக்கம், மேற்கே மணலி ஆகிய மூன்றும் அவற்றில் சேர்ந்தவை. மூன்றும் தொழிற்சாலை ஊர்கள். அன்று வரை தனி மன்றமும் தனித் தலைவரும் தனி வரவுசெலவும் வைத்திருந்தவை. விரிந்த மாநகரில் திருவொற்றியூரும் கத்திவாக்கமும் சேர்ந்து 1ஆம் மண்டலமாயின. மணலி 2ஆம் மண்டலமாயிற்று.

கோயில் இருந்த இடத்தில் இருக்கிறது. தேரடி இருக்கிறது. ஆலைகளின் சங்கு ஊதும் நேரம் மாறவில்லை. கடிதங்களில் ஊர்ப்பெயர் எழுதுவதை யாரும் நிறுத்தவில்லை. அப்படியானால் அந்த அக்டோபரில் முடிந்துபோனது எது? ஒன்று மற்றொன்றில் கலக்கும்போது கலந்தது இருக்கிறதா, இல்லையா என்பது மெய்யியலின் மிகப் பழைய கேள்விகளில் ஒன்று. திருவொற்றியூர் சார்ந்து நிற்கும் சைவ மரபு இந்தக் கேள்வியை உயிரையும் இறையையும் வைத்துப் பல நூற்றாண்டுகள் வாதிட்டுத் தனக்கென ஒரு விடையையும் கண்டது. அதை ஓர் ஊரின் உள்ளாட்சி வரலாற்றோடு சேர்த்துப் பார்க்க இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் குறைவு.

ஊரின் பெயரிலேயே கேள்வி தொடங்கிவிடுகிறது. ஒற்றி என்பது அடமானம். ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வீட்டையோ நிலத்தையோ இன்னொருவர் அனுபவிக்க விடுவதைப் பேச்சு வழக்கில் இன்றும் ஒத்திக்கு விடுவது என்கிறோம். ஒற்றியில் அனுபவம்தான் கை மாறும், உரிமை மாறாது. பணம் திரும்பிய அன்று சொத்தும் திரும்பும். விற்பனையில் இரண்டும் போய்விடும். ஊழிக்கால வெள்ளம் ஒற்றிப் போன இடம் என்று தலபுராணம் வேறு பொருள் சொல்கிறது. ஆனாலும் இறைவன் அடமான ஊரில் குடியிருக்கிறார் என்ற சிலேடை பக்திப் பாடல் மரபில் நன்றாகப் பழகியது.

வரியைப் பற்றி இன்னொரு கதை உண்டு. அரசன் ஊர்களுக்கு வரி விதித்து ஓலை எழுதச் செய்கிறான். எழுதி முடித்த ஓலையில் யாரும் எழுதாத ஒரு தொடர் காணப்படுகிறது: இந்த ஊர் மட்டும் விலக்கு. எழுதியவர் இறைவனே என்று கொண்டார்கள். இத்தலத்து இறைவனுக்கு எழுத்தறியும் பெருமான் என்ற பெயர் வந்தது அதனால்தான். பெரியபுராணம் இதைக் குறிப்பிடுகிறது. அற்புதம் என்ற அளவில் இக்கதையை எப்படி எடுத்துக்கொண்டாலும், ஒரு பேரரசின் கணக்கு ஏட்டில் தன் ஊர் தனி வரியாக நிற்க வேண்டும் என்ற ஆசை எவ்வளவு பழையது என்பதற்கு இது சான்று.

அதே நூலில் சுந்தரர் கதையும் இந்த ஊரோடு பிணைந்தது. சங்கிலியாரை மணக்கும்போது, இவ்வூரை விட்டுப் பிரிய மாட்டேன் என்று மகிழ மரத்தடியில் அவர் சத்தியம் செய்கிறார். பின்னர் ஆரூர் நினைவு மேலிட, கிளம்புகிறார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் கண்ணொளி போய்விடுகிறது. மாசித் திருவிழாவில் மகிழடி சேவையாக இந்த நிகழ்ச்சி இன்றும் நடத்திக் காட்டப்படுகிறது. எல்லை என்பது இங்கே அளந்து நட்ட கல் அல்ல. கொடுத்த வாக்கு எதுவரை கட்டுமோ அதுவரை ஊர்.

இந்தக் கருத்து புராணத்தோடு நின்றுவிடவில்லை, கல்வெட்டிலும் இருக்கிறது. 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் இறந்தான். அவனுடைய நண்பனாகவும் படைத்தலைவனாகவும் இருந்த, கேரளத்தில் பிறந்த ஒருவர், அவனோடு சாகக் கிடைக்கவில்லையே என்று மனம் வெதும்பித் துறவு பூண்டு திருவொற்றியூர் மடத்துக்குத் தலைவரானார். அவரே சதுரானன பண்டிதர். கோயில் வழிபாட்டுக்காக அவர் நூறு பொன்னை ஓர் ஊர்ச் சபையிடம் ஒப்படைத்து, அதன் வட்டியிலிருந்து ஆண்டுதோறும் செலவு நடக்க ஏற்பாடு செய்ததை இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்துக் கல்வெட்டு பதிவு செய்கிறது. பல்லவர் காலத்தின் கடைசியில் மணலிச் சபையார் இங்குள்ள நிரஞ்சனேசுவரத்துக் கோயிலுக்கு நிலம் விற்ற செய்தியும் உண்டு. பின்னாளில் முதலாம் இராசேந்திரன் காலத்தில் கோயில் கருங்கல்லால் எடுக்கப்பட்டது.

ஒரு சபையிடம் முதலைக் கொடுத்து, சந்திரனும் சூரியனும் உள்ளவரை வட்டி தரச் சொல்வதென்றால், கொடுப்பவர் யாரை நம்புகிறார்? அன்று கையெழுத்திட்டவர்களை அல்ல. அவர்கள் ஐம்பது ஆண்டில் மறைவார்கள். அவர்கள் மறைந்த பின்னும் அந்த வாக்கைத் தன் வாக்காக ஏற்கும் ஒருவரை நம்புகிறார். அந்த ஒருவருக்கு உடல் இல்லை, பெயர் மட்டும் உண்டு: இன்ன ஊர்ச் சபை. இன்றைய சட்டம் நகராட்சியைச் சட்டப்படியான ஆள் என்று கொள்வதற்கு வெகு முன்பே தமிழ்க் கல்வெட்டுகள் ஊரை வாக்குக் கொடுக்க வல்ல ஆளாகக் கண்டிருக்கின்றன. அந்தச் சபைகளைப் பொற்காலமாகப் போற்றுவதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். நிலமும் மறைநூற் கல்வியும் உடைய பிராமண ஆண்களே பெரும்பாலும் சபையில் அமர்ந்தார்கள். உழுதவரும் நெய்தவரும் செக்காட்டியவரும் அந்த வாக்குக்குக் கட்டுப்பட்டார்கள், வாக்களிக்கும் இடத்தில் இல்லை.

செக்காட்டியவர் என்றதும் கலிய நாயனாரை நினைக்காமல் இருக்க முடியாது. இவ்வூர் வாணிகர் தெருவைச் சேர்ந்த அவர் கோயில் விளக்குக்கு எண்ணெய் கொடுத்து வந்தார். செல்வம் கரைந்ததும் பிறர் செக்கில் கூலிக்கு வேலை செய்தார். கூலியும் கிடைக்காதபோது தன் குருதியையே விளக்கில் வார்க்கத் துணிந்தார். சொந்தத் தொழில் போய்க் கூலி ஆளாகும் துயரம் இவ்வூரின் பக்தி இலக்கியத்திலேயே பதிந்திருப்பது, பிற்கால ஆலை ஊருக்கு முன்னோட்டம் போலத் தோன்றுகிறது.

1708இல் நவாபு தாவூத் கான் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஐந்து கிராமங்களைக் கொடுத்தார்: திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு. 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியேற்றிய இடம் காலட்பேட்டையாகி, மக்கள் வாயில் காலடிப்பேட்டையாகிவிட்டது. வெள்ளைக்கார ஆளுநரின் பெயரை ஊர் தன் காலடியில் வைத்துக்கொண்டது. பின்பு நவீன நகராட்சி முறை வந்தது. 1882இல் வைசிராய் ரிப்பன் வெளியிட்ட தீர்மானம் உள்ளாட்சியை நிர்வாக வசதியாக மட்டும் பார்க்காமல் மக்களுக்கான அரசியல் கல்வியாகவும் பார்த்தது. தன் ஊர்ச் சாக்கடையைப் பற்றித் தானே முடிவெடுத்துத் தவறினாலும் அந்தத் தவற்றிலிருந்து கற்பது, பிறர் சரியாகச் செய்து கொடுப்பதைவிட மேல் என்பது அதன் உட்கருத்து. திருவொற்றியூரை விழுங்கிய மாநகராட்சி இயங்குவது அவர் பெயர் தாங்கிய ரிப்பன் மாளிகையில்.

20ஆம் நூற்றாண்டு இந்தக் கரையை ஆலைகளால் நிரப்பியது. விம்கோ தீப்பெட்டி ஆலை வந்தது. இன்று மெட்ரோ ரயிலின் வடக்கு முனைக்கு விம்கோ நகர் என்றே பெயர். 1946இல் திருவொற்றியூர்க் கொட்டகை ஒன்றில் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கிய தொழில் எம்ஆர்எஃப் டயர் நிறுவனமாயிற்று. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் வளர்ந்து அசோக் லேலண்டாயிற்று. 1950களின் நடுவில் என்ஃபீல்டு புல்லட் திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கியது. 1969இல் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. அடுத்து உர ஆலை. ஷிப்ட் முடிந்து சைக்கிள்கள் ஆலை வாசலை விட்டு வெளியேறும் நேரமே ஊரின் பொழுதாயிற்று. பல மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்த குடும்பங்கள் ஆலைகளைச் சுற்றிக் குடியேறின. 2011 கணக்கெடுப்பில் திருவொற்றியூர் நகராட்சியின் மக்கள்தொகை ஏறத்தாழ இரண்டரை லட்சம். மணலியோ அதற்கு இரண்டாண்டு முன்பே, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மதிப்பீட்டில், நாட்டிலேயே மிகக் கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகளில் ஒன்றாகக் குறிக்கப்பட்டிருந்தது.

மண்ணும் மாறியது. சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்ட 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து, தெற்கிலிருந்து வரும் மணல் துறைமுகத்தருகே தேங்கி மெரினாவை அகலமாக்கியது. மணல் வராத வடக்குக் கரையைக் கடல் அரித்தது. இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கரை பின்வாங்கியது. மீனவர் குப்பங்களில் வீடுகளும் தெருக்களும் கடலுக்குள் போயின. இன்று கருங்கல் குவித்த சுவரைத் தாண்டித்தான் கடலைப் பார்க்க முடியும்.

ஆக, மண் அதே மண் இல்லை. மக்கள் அதே மக்கள் இல்லை. தொழிலும் அதே தொழில் இல்லை. ஆயினும் 2011 வரை இது அதே ஊர் என்பதில் யாருக்கும் ஐயம் எழவில்லை. பௌத்தர் இதற்கு நேரான விடை சொல்வார்: உறுப்புகளுக்கு அப்பால் முழுமை என்று ஒன்று கிடையாது, சக்கரமும் அச்சும் நுகமும் சேர்ந்த கூட்டத்துக்குத் தேர் என்று பெயர், அவ்வளவே. நியாய மரபினர் மறுப்பார்கள்: உறுப்புகளில் தங்கியிருந்தாலும் அவற்றின் வேறான அவயவி என்ற முழுப்பொருள் உண்டு, இல்லாவிட்டால் ஒரு குடத்தைத் தொட்டேன் என்றே சொல்ல முடியாது. ஊரைப் பொறுத்தவரை இரு விடையும் பாதி தூரமே வருகின்றன. ஊர் வெறும் பெயர் என்றால், வெறும் பெயரிடம் நூறு பொன்னை யார் கொடுப்பார்? ஊர் தனிப்பொருள் என்றால், ஓர் அரசாணையால் அது எப்படி மறையும்? கல்வெட்டு காட்டும் வழி நடைமுறைக்கு நெருக்கமானது. வாக்குக் கொடுக்கவும், கொடுத்ததற்குப் பதில் சொல்லவும் ஓர் இடம் இருக்கும்வரை ஊர் என்ற ஆள் இருக்கிறது. மண்ணும் மக்களும் மாறியபோதெல்லாம் அந்த இடம் ஏதோ ஓர் உருவில் தொடர்ந்தது: சபை, பிறகு நகராட்சி மன்றம்.

அந்த ஆள் இன்னொரு பெரிய ஆளில் கலந்தால் என்ன ஆகிறது என்பதே அடுத்த கேள்வி. கலப்புக்கு இந்திய மரபு வழங்கும் மிகப் பழகிய உவமை ஆறும் கடலும். கடலில் சேர்ந்த ஆறு பெயரும் வடிவும் இழக்கிறது. அதற்குப் பிறகு இது இன்ன ஆற்று நீர் என்று காட்ட முடியாது. உயிர் பிரம்மத்தில் அப்படி ஒன்றாகிறது என்று வேதாந்திகள் இதை ஆள்வார்கள். சைவ சித்தாந்தம் இதற்கு உடன்படவில்லை. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அத்துவிதம் என்ற சொல்லுக்கே வேறு பொருள் கண்டார். அது ஒன்று என்று சொல்லவில்லை, இரண்டற்ற நிலையைச் சொல்கிறது. பொருள்கள் இரண்டாக இருக்க, அவை பிரிந்து நில்லாமை அத்துவிதம்.

அடுத்த நூற்றாண்டில் உமாபதி சிவம் திருவருட்பயனில் இதற்குத் தமிழ் இலக்கணத்திலிருந்தே ஓர் உவமை எடுத்தார். தாள், தலை என்ற இரு சொற்கள் புணர்ந்தால் தாடலை ஆகும். உற்றுப் பார்த்தால் வியப்பு. முதற்சொல்லின் ளகரம் காணவில்லை; இரண்டாம் சொல்லின் தகரமும் காணவில்லை. இரண்டின் இடத்திலும் டகரம் ஒன்று நிற்கிறது, அது இரண்டுக்கும் சொந்தமில்லாத எழுத்து. உச்சரிப்பில் ஒரே சொல். ஆனால் தமிழ் அறிந்த எவரும் அதைக் கேட்டதும் இரு சொற்களையும் காண்கிறார். இறைவனுடைய தாளில் உயிரின் தலை அப்படிப் பொருந்துகிறது. கலப்பு முழுமையானது, ஆனால் எதுவும் அழியவில்லை. அழிந்துவிட்டால் அந்த இன்பத்தை நுகர்பவர் யார் என்று சித்தாந்தி கேட்பார். கண்ணொளியும் கதிரொளியும் கலப்பதை அவர்கள் சொல்வதும் இதற்கே. சூரியன் எவ்வளவு பெரிது என்றாலும் காண்பது கண்தான். சோழர் காலத்தின் பிற்பகுதியில் பாணினியின் இலக்கணத்தைக் கற்பிக்கவென்றே ஒரு மண்டபம் வைத்திருந்த ஊருக்குப் புணர்ச்சி விதியால் இந்த வழக்கைப் பேசுவது அந்நியம் இல்லை.

இனி 2011க்குத் திரும்பலாம். இணைப்பால் வந்த நன்மைகள் சிறியவை அல்ல. அவற்றை மறைத்து ஊர்ப்பற்று பேசுவது நேர்மையாகாது. கொசஸ்தலையாற்று வடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனுடன் எடுத்துக்கொள்ளப்பட்ட மழைநீர் வடிகால் திட்டத்தின் அளவை ஒரு நகராட்சி தனியாகக் கனவு கண்டிருக்க முடியாது. மணலியில் பெய்யும் மழை திருவொற்றியூர் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போகிறது. வெள்ளத்துக்கு நகராட்சி எல்லை தெரியாது. மாசும் அப்படித்தான், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி மீனவர்களின் வலைகளையும் படகுகளையும் கருப்பாக்கியபோது, அது கடந்து வந்த எல்லைகள் எத்தனை என்று யாரும் எண்ணவில்லை. பெரிய உடலுக்கு வேண்டிய காரணங்கள் இவை.

இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. நகராட்சியின் சொத்துகளும் கடன்களும் மாநகராட்சிக்குப் போயின. சொத்து வரியும் தொழில் வரியும் பொது நிதியில் சேர்ந்தன. சதுரானன பண்டிதரின் நூறு பொன் போன்ற ஒன்றை இன்று ஒருவர் ஒப்படைக்க விரும்பினால், வாங்கிக்கொள்ளத் திருவொற்றியூர் என்ற ஆள் இல்லை. மண்டலம் நிர்வாகப் பிரிவு. மண்டலக் குழு மாமன்றத்துக்குள் அடங்கியது. 200 உறுப்பினர் கொண்ட மாமன்றத்தில் 1ஆம் மண்டலத்துக்கு 14 இடம். அந்தப் பதினான்கு பேரும் ஒரே குரலில் பேசினாலும் தங்கள் ஊர் வரியை எதற்குச் செலவிடலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் அவர்கள் கையில் இல்லை.

அதையும்விட வேதனையானது அடுத்து வந்தது. விரிந்த மாநகருக்கு 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் 243யு பிரிவு. நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. இடைப்பட்ட ஐந்தாண்டுக்கு மேல் தனி அலுவலரே மன்றம். குழாயில் தண்ணீர் வராத தெருவுக்குக் கவுன்சிலரும் இல்லை, ஊரின் பழைய மன்றமும் இல்லை. தாடலையில் இரு சொல்லும் தெரிய வேண்டும். இங்கே சிறிய சொல்லோடு பெரிய சொல்லும் சேர்ந்து காணாமல் போயிற்று.

உவமையை அளவுக்கு மேல் இழுக்கக் கூடாது என்ற மறுப்பு நியாயமானது. சித்தாந்தத்தில் உயிர் என்றும் உள்ளது, ஆக்கப்பட்டதன்று. நகராட்சி சட்டத்தால் ஆக்கப்பட்டது. ஆக்கிய கை கலைக்கவும் கூடும். இந்திய அரசியலமைப்பும் அப்படியே வைத்திருக்கிறது. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆம் திருத்தம் நகராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் தந்தது. ஆனால் எது சிறு நகரம், எது பெருநகரம் என்று மக்கள்தொகை, அடர்த்தி, வருவாய், வேளாண்மை சாராத வேலைவாய்ப்பு ஆகியவற்றைப் பார்த்து அறிவிக்கும் அதிகாரத்தை மாநிலத்திடமே விட்டது. அம்பத்தூர் 2011இல் சென்னையோடு சேர்ந்தது. அதை ஒட்டிய ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. இதில் இயற்கை விதி ஏதும் இல்லை, முடிவு செய்தவர்களின் விருப்பம் மட்டும் உண்டு. இன்னொரு மறுப்பு அம்பேத்கருடையது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அவர் இந்தியக் கிராமத்தைக் குறுகிய மனமும் அறியாமையும் குடியிருக்கும் இடமாகவே கண்டார். சபைகளில் யார் அமர்ந்தார்கள் என்பதை மேலே பார்த்த பின் அவரை எளிதில் மறுக்க முடியாது. ஊர் என்ற சொல்லே வழக்கில் சேரியை விலக்கி வைத்து நின்ற சொல். தூரத்திலிருக்கும் பெரிய அரசு பல நேரங்களில் பக்கத்திலிருக்கும் சிறிய அரசைவிட நீதியாக நடந்திருக்கிறது.

ஆனால் அம்பேத்கரின் கண்டனம் ஊரில் சிலர் மட்டும் பேசியதைப் பற்றியது. எல்லாருக்கும் வாக்குரிமையும், தாழ்த்தப்பட்டோருக்கும் பெண்களுக்கும் ஒதுக்கீடும் உள்ள நகராட்சி மன்றம் பழைய சபை அல்ல. ஆலைத் தொழிலாளியும் மீனவப் பெண்ணும் உறுப்பினராக அமரக்கூடிய இடத்துக்குத் திருவொற்றியூர் வந்து சேர்ந்து நெடுநாள் ஆகாத நிலையில் அந்த இடமே எடுக்கப்பட்டது என்பதுதான் இந்த வரலாற்றில் மனத்தை உறுத்தும் பகுதி.

இணைப்புக்குள்ளேயே இருமையைக் காக்கச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள் உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்கிறது 243எஸ் பிரிவு. தமிழ்நாடு 2022இல் அதற்கான விதிகளை வகுத்தது. அவ்வாண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் முதன்முறையாக நடந்தன. ஒரு வார்டின் சில தெருக்கள் ஒரு பகுதி. அங்குள்ள வாக்காளர் எல்லாரும் உறுப்பினர். தெருவிளக்கு, குப்பை, வடிகால் பற்றிப் பேசித் தேவைகளை வரிசைப்படுத்தி வார்டு குழுவுக்கு அனுப்பலாம். அங்கே சொல்லப்படுவது பரிந்துரை, முடிவு அல்ல. தன் பெயரில் ஒரு ரூபாய் செலவிடவோ ஒரு கடன் ஏற்கவோ பகுதி சபைக்கு அதிகாரம் கிடையாது. வரியின் ஒரு பங்கு சட்டப்படி மண்டலத்துக்குத் திரும்பி வந்து, அதற்கு மண்டலத்தின் உறுப்பினர்களே பொறுப்பேற்றுக் கணக்குச் சொல்லும் நிலை வந்தால் திருவொற்றியூர் மாநகருக்குள் ஒற்றியில் இருக்கிறது என்று கொள்ளலாம். அதுவரை நடந்திருப்பது விற்பனை. மெட்ரோ நிலையப் பலகையில் திருவொற்றியூர் தேரடி என்று எழுதியிருப்பதால் பத்திரம் மாறிவிடாது.